கேலா சான்செஸின் இரண்டு தொப்பிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நியூஜெர்சியிலிருந்து அக்கா வீடியோ காலில் வந்தாள். அவளுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. ரெண்டு நிமிஷம் பேசிவிட்டு போனை மகளிடம் கொடுத்தாள். மருமகளுக்கு வயது 15, எட்டு வயதிலிருந்து நீச்சல் கிளப்பில் இருக்கிறாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, நான் இந்தியாவுக்காக ஒலிம்பிக்ஸ்ல ஸ்விம் பண்ண முடியுமா?"

அவள் பிறந்தது அங்கே. கையில் அமெரிக்க பாஸ்போர்ட், டிராயரில் ஓசிஐ அட்டை. கிளப்பில் கூட நீந்துகிற பிலிப்பைன்ஸ் வம்சாவளிப் பெண் ஒருத்தி கேலா சான்செஸ் கதையைச் சொல்லியிருக்கிறாள். கனடாவுக்கு ஒலிம்பிக் மெடல் வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அம்மா அப்பா ஊருக்கு மாறிப் போனவர். "அவங்க பண்ணலாம்னா நான் ஏன் பண்ணக் கூடாது?"

"பாத்துச் சொல்றேன்மா" என்றேன். பார்த்தேன். மூன்று வாரக் கடைசிகள் போயின. திங்கள் முதல் வெள்ளி வரை சர்வர் லாக் படிக்கிறவனுக்கு நீச்சல் போட்டியின் முடிவுத் தாள்கள் ஒன்றும் பெரிய மாற்றம் இல்லை. அதே மாதிரி வரிசை வரிசையாக நேரம்தான், நூறில் ஒரு வினாடி வரைக்கும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சான்செஸைப் பற்றி வந்த கட்டுரைகளையும் படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை மேல் எனக்கு வருத்தம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கேலா சான்செஸ் 2001-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். பெற்றோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். வளர்ந்தது, நீச்சல் கற்றது எல்லாம் கனடாவில். 2017 ஜூனியர் உலகப் போட்டியிலேயே பெயர் வாங்கியவர். டோக்கியோவில் பெண்கள் 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் கனடா அணியின் முதல் ஆளாகக் குதித்து வெள்ளி வென்றார். மெட்லி ரிலேயில் தகுதிச் சுற்றில் நீந்தியதற்காக வெண்கலம். 2021 டிசம்பரில் அபுதாபி குறுநீளக் குள உலகப் போட்டியில், 4x200 ரிலேயில் உலக சாதனையோடு தங்கம் வென்ற கனடா அணியிலும் அவர் இருந்தார். 2022 ஜூனில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் மறுபடி ரிலே வெள்ளி. அடுத்த மாதமே, "இனி நான் பிலிப்பைன்ஸுக்காக நீந்துகிறேன்" என்று அறிவித்துவிட்டார். அப்போது வயது 21. ஒரு வருடம் காத்திருந்துவிட்டு 2023 ஜூலையில் ஃபுகுவோகாவில் புதுத் தொப்பியோடு குளத்தில் இறங்கினார். 2024 பாரிஸில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச் சுற்றில் 53.67 வினாடி. அது பிலிப்பைன்ஸ் தேசிய சாதனை. அரையிறுதிக்குப் போனார், அங்கே நின்றது.

இந்த வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பொதுவாக ரெண்டு அச்சுகளில் ஒன்றை எடுக்கிறார்கள். முதல் அச்சு, வேரைத் தேடி வந்த மகள். தாய்நாடு அழைத்தது, ரத்தம் பேசியது என்று போகும். தமிழில் நமக்கு இது நன்றாகவே பழக்கம். எங்கோ ஒரு நாட்டில் யாராவது மந்திரி ஆனால், அவருடைய தாத்தாவின் ஊர் மன்னார்குடிக்குப் பக்கமா என்று தேடுகிற பழக்கம். இரண்டாவது அச்சு, இறக்குமதி சரக்கு. அங்கே அணியில் இடம் கஷ்டம், அதனால் சுலபமான கொடியைப் பிடித்துக்கொண்டார் என்று போகும். முதல் அச்சு அவரைத் தெய்வமாக்குகிறது, இரண்டாவது வியாபாரியாக்குகிறது. ரெண்டு பேரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடிகாரத்தைப் பார்ப்போம். இது கொஞ்சம் டெக்னிகல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோ ரிலே இறுதிப் போட்டியில் கனடாவின் நால்வர்: சான்செஸ் 53.42, மேகி மெக்நீல் 53.47, ரெபெக்கா ஸ்மித் 53.63, பென்னி ஒலெக்சியாக் 52.26. கூட்டினால் 3:32.78. மூன்றாவதாக வந்த அமெரிக்கா 3:32.81. வித்தியாசம் 0.03 வினாடி. கண் இமைக்க அதைவிட நேரமாகும். ஆஸ்திரேலியா மூன்று வினாடிக்கும் மேல் முன்னால் போய் உலக சாதனை செய்தது, அது தனிக் கதை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரிலேயில் முதல் ஆள் மட்டும்தான் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் குதிக்கிறார். மற்ற மூவரும், வந்துகொண்டிருக்கிற சக வீரரின் கை சுவரைத் தொடுவதைக் கணக்குப் பண்ணி, உடம்பை முன்னாடியே அசைத்துப் பாய்ந்துவிடலாம். அதில் அரை வினாடி வரை லாபம். ஆக, நால்வரில் சான்செஸின் 53.42 மட்டும்தான் தனிப் போட்டி நேரத்தோடு நேரடியாக ஒப்பிடத் தக்கது. மற்ற மூன்றையும் அப்படி எடுக்க முடியாது. மெக்நீலும் ஸ்மித்தும் பாய்ச்சல் லாபத்தோடு நீந்தியும் அவரைவிட மெதுவாகத்தான் வந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். அந்த 0.03-ல் சான்செஸுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது, ஆனால் அவர் இல்லாமல் அது கனடாவுடையதாக இருந்திருக்காது.

இப்போது அடுத்த வரிசை. 2021-ல் கனடா தொப்பியில் 53.42. 2024-ல் பிலிப்பைன்ஸ் தொப்பியில் 53.67. கால் வினாடி மெதுவு.

மெதுவான நேரம் தேசிய சாதனை, தலைப்புச் செய்தி. வேகமான நேரம் நாலில் ஒரு பங்கு வெள்ளி, அதுவும் முடிவுத் தாளைத் தோண்டினால்தான் கிடைக்கிறது. கனடாவில் அவர் எவ்வளவு நீந்தினாலும் முன்னால் ஒலெக்சியாக் இருக்கிறார். 2016 ரியோவில் இதே 100 மீட்டரில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர், டோக்கியோவில் 52.59-ல் கனடா சாதனை செய்தும் நாலாவதாக வந்தவர். ஒரு நாட்டுக்கு ஒரு தனிப் போட்டியில் ரெண்டு இடம்தான். அந்த ரெண்டுக்காக ஒவ்வொரு முறையும் தேசியத் தேர்வில் முட்டி மோத வேண்டும். பிலிப்பைன்ஸ் தொப்பியில் அந்த மோதல் இல்லை. தன் பெயர் போட்ட லேன் நிச்சயம்.

இதைப் பார்த்து "அப்ப இறக்குமதிக்காரங்க சொன்னது சரிதானே" என்று சொல்லாதீர்கள். கணக்கின் மறுபக்கம் இருக்கிறது. ரிலேக்கு நாலு பேர் வேண்டும். கூட நீந்துகிற மூவரும் ஆளுக்கு மூன்று வினாடி மெதுவென்றால் முதல் ஆள் எவ்வளவு வேகமாகத் தொட்டாலும் ஒன்பது வினாடி பின்னால். அந்த வேகத்தில் ஒலிம்பிக் ரிலே இறுதிச் சுற்றை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. சான்செஸிடம் அப்போது இருந்தது ரிலே மெடல்கள். தொப்பி மாறிய நாளிலேயே ஒலிம்பிக் மெடல் வாங்குகிற நிஜமான வழியை அவர் மூடிவிட்டார். தனிப் போட்டியில் பாரிஸில் தங்கம் வென்ற சாரா ஷோஸ்ட்ரோமின் நேரம் 52.16. 53.67-க்கும் அதற்கும் நடுவே ஒன்றரை வினாடி. 100 மீட்டரில் ஒன்றரை வினாடி என்பது நம்ம ஊர்க் கணக்கில் அடுத்த தாலுகா.

மெடல் வாய்ப்பைக் கொடுத்துவிட்டு லேனை வாங்கியிருக்கிறார். அது நல்ல பேரமா என்று கேட்டால், சுலபமான கொடி என்று எழுதியவர்கள் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் பதில். ஒரு சின்ன விஷயம்: 2024 பாரிஸில் அதே ரிலேயில் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, சீனா மெடல் வாங்கின. கனடாவுக்கு இல்லை. சான்செஸ் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. ஆனால் அந்தக் கேள்வி கனடாக்காரர் சிலருக்கு ராத்திரியில் வந்திருக்கும்.

ரத்தம் பேசியது என்று எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீச்சலில் கொடியும் குளமும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். 1988 சியோலில் மேட் பியாண்டியை 53.01-க்கு 53.00 என்று நூறில் ஒரு வினாடியில் தோற்கடித்த ஆண்டனி நெஸ்டி சுரிநாம் நாட்டுக்காக நீந்தினார். பிறந்தது டிரினிடாட், தேறியது ஃப்ளோரிடா. 2024 பாரிஸில் அவர் அமெரிக்க ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். 2016-ல் ஃபெல்ப்ஸை வென்ற ஜோசப் ஸ்கூலிங் அசல் சிங்கப்பூர்க்காரர், பயிற்சி டெக்சாஸ். சொந்த ஊர்க்காரர்களே வெளியூர்க் குளத்தில்தான் தேறி வருகிறார்கள். அப்புறம் ரத்தத்தை எங்கிருந்து பேச வைப்பது?

சரி, பிலிப்பைன்ஸ் பக்கம். அங்கே நான் எதிர்பார்க்காத ஒரு ஆளைச் சந்தித்தேன்.

ஒலிம்பிக் நீச்சலில் பிலிப்பைன்ஸ் வாங்கிய மெடல்கள் மொத்தம் ரெண்டு. ரெண்டும் வெண்கலம், ரெண்டும் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், ரெண்டும் ஒரே ஆள். தியோஃபிலோ இல்டெஃபொன்சோ. 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ். வடக்கே இலோகோஸ் பகுதியில் பிறந்து, ஊர் ஆற்றில் நீந்தக் கற்று, பிலிப்பைன் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். அந்தப் படை அமெரிக்க ராணுவத்தின் பகுதி. நாடும் அமெரிக்காவின் காலனி. சுதந்திரம் வந்தது 1946-ல். ஆனாலும் ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் என்று தனியாகத்தான் நின்றார்கள். அதாவது இல்டெஃபொன்சோ, இன்னும் பிறக்காத ஒரு நாட்டுக்காக மெடல் வாங்கியவர். நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வது என்றால் பாஸ்போர்ட் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இவரை எந்தப் பெட்டியில் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

ரெண்டு முறையும் அவரைத் தாண்டித் தங்கம் வாங்கியவர் ஜப்பானின் யோஷியுகி சுருதா. பத்து வருடம் கழித்து, 1942-ல், பதான் வீழ்ந்தபோது இல்டெஃபொன்சோ ஜப்பானியப் படையிடம் கைதியானார். தார்லாக் மாகாணத்தில் கபாஸ் என்ற ஊரில் இருந்த கைதிகள் முகாமில் அந்த வருடம் ஜூனிலேயே இறந்தார்.

கபாஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2019 தென்கிழக்காசியப் போட்டிக்காகப் பிலிப்பைன்ஸ் ஒரு பெரிய நீச்சல் அரங்கம் கட்டியது. நியூ கிளார்க் சிட்டியில், அதே கபாஸில். அந்தக் குளத்தில் ஜேம்ஸ் டெய்பரின் தங்கம் வாங்கினார். பத்து வருடமாகத் தென்கிழக்காசிய அளவில்கூட நீச்சல் தங்கம் இல்லாமல் இருந்த நாட்டுக்கு முதல் தங்கம். எந்தப் பிரிவில் தெரியுமா? பிரெஸ்ட் ஸ்ட்ரோக். நான் கதை எழுதியிருந்தால் நம்பமாட்டீர்கள்.

என் ஸ்ப்ரெட்ஷீட்டில் ரெண்டு வரிசை பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு ஒலிம்பிக் நீச்சல் மெடல் ரெண்டு, கடைசியாக வந்தது 1932-ல். சான்செஸிடம் ஒலிம்பிக் நீச்சல் மெடல் ரெண்டு, ரெண்டும் கனடா கணக்கில். விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்துப் பெட்டியில் ரெண்டு கொடியும் மேலே கீழே இருக்கும். மணிலா விளையாட்டுச் செய்திகளில் அவரை ஒலிம்பிக் மெடலிஸ்ட் என்று அறிமுகம் செய்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தையை வாசிக்கிற ஒரு மணிலாப் பிள்ளை, அது எந்தக் குளத்தில் தேறிய, எந்த நாலு பேர் சேர்ந்து வாங்கிய மெடல் என்று யோசிக்குமா? பெயரடை சும்மா ஒட்டிக்கொண்டு நாடு மாறிவிட்டது.

இப்போது நான் சான்செஸை விட்டுவிட்டு, அவரைக் கூப்பிட்ட அமைப்பைக் குறை சொல்லப் போகிறேன். 2016 ரியோவுக்குப் பிலிப்பைன்ஸ் சார்பில் போனவர்கள் ஜெசி லகுனாவும் ஜாஸ்மின் அல்கால்டியும், ரெண்டு பேரும் உள்ளூரில் நீந்தி வந்தவர்கள். டோக்கியோவுக்குப் போன ரெண்டு பேர் ரெமடி ரூல், லூக் கெபி. ரூல் அமெரிக்காவில் வளர்ந்தவர், அம்மா பிலிப்பைன்ஸ். 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் அரையிறுதி வரை போனார். கெபி வளர்ந்ததும் வெளிநாட்டில். பாரிஸுக்குப் போன ரெண்டு பேர் சான்செஸ், ஜாரட் ஹாட்ச். ஹாட்ச் அமெரிக்கப் பிலிப்பினோ. ரெண்டு ஒலிம்பிக், நாலு இடம், நாலும் வெளியில் வளர்ந்தவர்களுக்கு.

நாலுக்கு நாலு. இதை நான் எங்கள் ஆபீசில் பார்த்திருக்கிறேன். ஒரு சர்வீஸ் அடிக்கடி விழுகிறது என்றால் ரெண்டு வழி. உட்கார்ந்து கோடைச் சரி பண்ணலாம், அல்லது வெளியிலிருந்து ரெடிமேடாக ஒன்றை வாங்கி முன்னால் மாட்டிவிடலாம். ரெண்டாவது வழியில் டாஷ்போர்டு அன்றைக்கே பச்சையாகிவிடும். பச்சையான பிறகு உள்ளே இருக்கிற கோடை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிலிப்பைன்ஸில் நீச்சல் சங்கமே தகராறில் கிடந்து, உலக அமைப்பு தலையிட்டு இடைக்காலக் குழு போட்டு, 2023-ல்தான் புது நிர்வாகம் வந்தது. சான்செஸ் தொப்பி மாற்றிய அதே காலம். அந்தத் தகராறு நடந்த வருடங்களில் பதினாலு பதினைந்து வயதில் இருந்த உள்ளூர்ப் பிள்ளைகளின் கணக்கு இந்த டாஷ்போர்டில் வராது. சான்செஸின் 53.67 அவர்களுக்கு ஏணியா சுவரா என்பதை இன்னும் பத்து வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும். ஏணி என்று இப்போதே எழுதிவிட்ட கட்டுரைகள் நிறைய.

சரி, மருமகளின் கேள்விக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸ் சட்டத்தில் அப்பா அம்மாவில் ஒருவர் குடிமகனாக இருக்கும்போது பிறந்தால் எந்த ஊரில் பிறந்தாலும் குடியுரிமை உண்டு. இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களும் பழையதைத் திரும்பப் பெற 2003-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பாதி நாடு வெளியில் போய் வேலை செய்து பணம் அனுப்புகிற இடத்தில் அது இயல்பு. இந்தியாவில் அப்படி இல்லை. இன்னொரு பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓசிஐ என்பது பெயரில் குடியுரிமை இருக்கிற விசா.

அதற்காக எப்போதுமே கதவு மூடியிருந்தது என்றில்லை. நம்ம சென்னை விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ், அமெரிக்கக் குடிமகனாக இருந்துகொண்டே இந்தியாவுக்கு டேவிஸ் கோப்பை ஆடியவர். அமெரிக்காவில் பிறந்த சுனிதா ராவ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சானியாவோடு இரட்டையர் ஆடினார். அந்த வருடம் டிசம்பரில்தான் விளையாட்டு அமைச்சகம், இந்தியக் குடிமக்கள் மட்டுமே தேசிய அணியில் ஆடலாம் என்று சொல்லிவிட்டது. ஒரு ஸ்குவாஷ் வீரர் வழக்குப் போட்டுப் பார்த்தார், தில்லி உயர் நீதிமன்றம் 2010-ல் அரசு பக்கமே நின்றது. கால்பந்தில் ரையான் வில்லியம்ஸ் 2025-ல் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இந்தியரானார். ஆக வழி இருக்கிறது. விலைதான் ஒரு முழு பாஸ்போர்ட்.

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதைப் போய் எப்படிச் சொல்வது? நான் வேறு ஒரு யோசனை பண்ணினேன். பெருமையாகவே இருந்தது. அரசு விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமே. ஒலிம்பிக் ஏ தகுதி நேரத்தை எட்டுகிற ஓசிஐக்காரர்களுக்கு மட்டும் அனுமதி. அவ்வளவு வேகமானவர் இங்கே யாருமில்லை என்றால் யாருடைய இடத்தையும் பறித்ததாக ஆகாது. உள்ளூர்க்காரருக்கு நஷ்டமில்லை, நாட்டுக்கு லாபம். இதை ஒரு பக்கம் எழுதி, பதிவாகவே போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அப்புறம் எட்ஜ் கேஸ் பார்த்தேன். தொழில் புத்தி.

பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து நீச்சலுக்குப் போனவர்கள் ரெண்டு பேர், ஸ்ரீஹரி நடராஜ், தினிதி தேசிங்கு. தகுதி நேரத்தை எட்டிய யாரும் இல்லாத நாடுகளுக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்று கொடுக்கிற யுனிவர்சாலிட்டி இடத்தில் போனார்கள். ஸ்ரீஹரி டோக்கியோவுக்கே ஏ நேரத்தில் போனவர், அவரை விடுங்கள். தினிதிக்கு அப்போது 14 வயது. பெங்களூரில் வளர்ந்த பிள்ளை. பெயரைக் கேட்டதும் எனக்குச் செஞ்சிக் கோட்டைதான் கண்ணில் வந்தது. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 2:06.96, மொத்தம் 23-வது இடம்.

இப்போது என் தளர்த்திய விதியை ஓடவிட்டுப் பாருங்கள். கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு ஓசிஐ பெண், ஏதோ ஒரு பிரிவில் ஏ நேரம் எட்டி, இந்தியத் தொப்பியோடு வருகிறாள் என்று வையுங்கள். அந்த நொடியில் இந்தியப் பெண்கள் பக்கம் "தகுதி பெற்றவர் இல்லை" என்ற நிபந்தனை உடைகிறது. யுனிவர்சாலிட்டி இடம் மறைந்துவிடும். அவள் நீந்துவது பட்டர்ஃபிளையாக இருக்கட்டும், தினிதியின் 200 மீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கட்டும். தினிதி வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்ப்பாள். யாருடைய இடத்தையும் பறிக்காத கதவு என்று நான் நினைத்தது, நேராக அந்த ஒரு பிள்ளையின் இடத்தில்தான் போய்த் திறக்கிறது.

பதிவை அழித்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இது.

அதனால் விதி இப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வருகிறேனா என்றால், மனசு ஒப்பவில்லை. வேகமான ஒருத்தி வந்தால் பக்கத்து லேனில் பயிற்சி செய்கிற பத்துப் பேருக்கு வேகம் கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு வருகிறவள் இங்கே வந்து, இங்கே நீந்த வேண்டும். சான்செஸ் மாதிரி கதைகளில் எழுதுகிறவர்கள் தவறாமல் விட்டுவிடுகிற கேள்வி இதுதான்: வருடத்தில் எத்தனை நாள் அவர் கபாஸ் குளத்தில் இருக்கிறார்? மெடல் எண்ணிக்கையைவிட அந்த நாள் எண்ணிக்கை எனக்குப் பெரிது. எந்தக் கட்டுரையும் அதைக் கேட்டுப் பதில் வாங்கி எழுதவில்லை. தாய்நாடு அழைத்தது என்று மூன்று பத்தி எழுதத் தெரிந்தவருக்கு, போய் எத்தனை நாள் தங்கினார் என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை. அதுதான் என் வருத்தம்.

போன சனிக்கிழமை ராத்திரி நானே அக்காவுக்குப் போன் பண்ணினேன். அங்கே காலை. அக்கா முந்திக்கொண்டு, "இவளும் 100-ல 54 செகண்டு பண்றாடா, அந்தப் பொண்ணும் அதே 53 தானே?" என்றாள். அமெரிக்க கிளப் குளங்கள் பெரும்பாலும் 25 கெஜம் என்பதை அக்காவுக்கு யார் சொல்வது. 100 கெஜம் என்றால் 91 மீட்டர் சொச்சம். போதாததற்கு மூன்று முறை சுவரை உதைத்துத் திரும்பலாம். ஒலிம்பிக் குளத்தில் அதே பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். நான் சொல்லவில்லை. மருமகளே பின்னாலிருந்து "அது யார்ட்ஸ்மா, வேற" என்று கத்தினாள்.

அவளிடம் பாஸ்போர்ட் விஷயம், 2008 விதி, எல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டாள். தினிதி கணக்கையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு அப்போ என்ன வயசு மாமா?"

"பதினாலு."

"என்னைவிடச் சின்னவ." கொஞ்ச நேரம் சத்தமில்லை. போனில் எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. "2:06.96. இது மீட்டர்ஸ் தானே?"

"மீட்டர்தான்."

"மாமா, நான் அவளைவிட ஏழு செகண்டு ஸ்லோ" என்றாள். சிரித்துவிட்டாள். பிறகு, அவள் எந்த கோச்சிடம் நீந்துகிறாள், தினமும் எத்தனை மணி நேரம் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.